முனிரத்தினத்தின் நல்ல கொழுப்பு

லேபில் கெட்ட எண் வந்தால் நீங்கள் எல்லோரும் இரண்டாவது முறை செய்து பார்க்கிறீர்கள். சர்க்கரை நானூறு என்று வந்தால் குழாயில் ஒட்டியிருக்கும் பேரை மறுபடி படிக்கிறீர்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறீர்கள், இன்னொரு தடவை ஓட்டுகிறீர்கள். நல்ல எண் வந்தால் என்ன செய்கிறீர்கள்? உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். நானும் அப்படித்தான் அனுப்பினேன். இருபத்தெட்டு வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்ததில் நான் செய்த தவறுகளை எண்ண விரல் போதாது. ஆனால் கெட்ட எண்ணாக வந்த தவறுகளை யாராவது ஒருவர் பிடித்துவிட்டார்கள். நல்ல எண்ணாக வந்த ஒரே ஒரு தவறை யாரும் பிடிக்கவில்லை. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

போன வாரம் உங்கள் புது இயந்திரத்தைக் காட்டக் கூப்பிட்டீர்கள். குழாயை வைத்தால் தானே உறிஞ்சிக்கொள்கிறது, ரத்தம் கலங்கலாக இருந்தால் தானே எச்சரிக்கை அடிக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அந்த வசதி எனக்கு அன்றைக்கு இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. ஆனாலும் என் பழைய லேபைக் கொடுத்து உங்கள் ஏசி அறையை வாங்கிக்கொள் என்றால் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

நம் லேப் அப்போது திருத்தணியில் மலை அடிவாரத்துக்குப் போகும் சாலையில் இருந்தது. ஒரு பக்கம் பூக்கடை, இன்னொரு பக்கம் டீக்கடை, நடுவில் நாங்கள். முன்னால் ஒரு கவுண்டர், ரத்தம் எடுக்க ஒரு நாற்காலி. பச்சைத் திரைக்குப் பின்னால் நிறத்தின் அடர்த்தியை வைத்து அளவு காட்டும் ஒரு கலரிமீட்டர், ஒரு ஃபிரிட்ஜ், ரத்தத்தைச் சுழற்றித் தெளியவைக்கும் ஒரு சென்ட்ரிஃபியூஜ். அந்த சென்ட்ரிஃபியூஜ் சுற்ற ஆரம்பித்தால் மேஜையே நடுங்கும். டீக்கடைக்காரர் அந்தச் சத்தத்தை வைத்தே எனக்கு டீ அனுப்புவார். அது நின்றால் நான் கையைக் கழுவுவேன் என்று அவருக்குத் தெரியும். ஸ்பிரிட் வாசனையும் சாமந்தி வாசனையும் கலந்து மூக்கில் ஏறும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இன்றைக்கும் காலையில் கண் விழித்தால் முதலில் அந்த வாசனைதான் நினைவுக்கு வருகிறது. வயதாகிவிட்டது என்று சிரித்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

ஊர்க்காரர்கள் என்னைப் பாயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அரக்கோணத்தில் மெக்கானிக்காக இருந்தவரின் மகள் நான். கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தேன். பர்தாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டால் சாயங்காலம் வரை நிமிர நேரம் இருக்காது.

அந்த ஊருக்கென்று ஒரு பழக்கம் உண்டு. கிருத்திகை வந்தால் எங்கள் லேபில் கூட்டம் தாங்காது. பட்டினியாக வந்துதானே பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும்? சாமிக்கு விரதம் இருப்பவர்கள், "எப்படியும் சாப்பிடப் போறதில்ல, ரத்தத்தையும் குடுத்துட்டுப் போயிடலாம்" என்று பட்டையாக விபூதி பூசிக்கொண்டு வந்துவிடுவார்கள். பள்ளிப்பட்டிலிருந்தும் புத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. ஒரே நாளில் ஊசியும் ஆச்சு, முருகனும் ஆச்சு. எனக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்த வருடம் ஆடிக் கிருத்திகையும் எங்கள் ரமலானும் ஒன்றாக வந்தன. நானும் நோன்பு, வருகிறவர்களும் விரதம். கிருத்திகைக்கு நாலு நாள் முன்னால் முனிரத்தினம் வந்தார். கே.ஜி.கண்டிகையில் சொந்தமாக நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர், ஐம்பது ஐம்பத்திரண்டு வயதிருக்கும். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை. காவடிக்கு விரதம் இருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"கொலஸ்ட்ராலு பாக்கணும்மா" என்றார். "வூட்ல ஒரே தொல்ல. ரத்தம் நல்லா இருந்தாத்தான் காவடி எடுத்துகினு படி ஏறணுமாம். இல்லன்னா வண்டியில மேல போயி கும்புட்டுட்டு வரணுமாம். வண்டியில போறதுக்கு எதுக்குக் காவடி, சொல்லுங்க?"

"வெறும் வயித்தோடதான வந்திருக்கீங்க?"

"விரதம்மா."

அவ்வளவுதான் பேச்சு. விரதம் என்றார், நான் நம்பிவிட்டேன். அக்கம்பக்கத்து வீடுகளில் எத்தனை கிருத்திகை பார்த்தவள் நான், அவர்கள் கொடுத்த பஞ்சாமிர்தத்தை எத்தனை தடவை தின்றவள்! அவர்கள் விரதத்தில் பாலும் பழமும் உண்டு என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் அந்த நிமிடம் எனக்கு நாக்கு வறண்டு கிடந்தது. விடியலுக்கு முன் குடித்த தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தேன். பட்டினி என்றால் என் பட்டினிதான் என்று புத்தி முடிவு செய்துவிட்டது. கடைசியாக வாயில் என்ன போனது, எப்போது போனது என்று நான் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பழைய முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு என்று நாம் எச்.டி.எல்., எல்.டி.எல்.லைத்தான் சொல்கிறோம். ரத்தக்குழாயின் சுவரில் படிகிற கொழுப்பை எடுத்துக்கொண்டு கல்லீரலுக்குத் திரும்புவது நல்லதின் வேலை. அதை அன்றைக்குத் தனியாக அளக்க, ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் ஒரு மருந்தை ஊற்றிச் சுழற்றுவோம். கெட்ட கொழுப்பெல்லாம் திரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். மேலே தெளிவாக நிற்பதில் மிச்சம் இருப்பதுதான் நல்ல கொழுப்பு, அதை அளந்து எழுதுவோம். சாப்பிட்டுவிட்டு வந்தவரின் ரத்தத்தில் கொழுப்பு பால் போல மிதந்தால் இந்த வித்தை பலிக்காது. அடியில் உட்கார வேண்டியது உட்காராமல் மேலேயே நிற்கும். அதையும் சேர்த்து நல்லது என்று கலரிமீட்டர் கணக்குச் சொல்லிவிடும்.

முனிரத்தினத்தின் குழாய் அரிசி கழுவிய தண்ணீரைப் போல இருந்தது. நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன், பார்த்தேன். சுழற்றியது போதவில்லையோ என்று ஒரு நினைப்பு வந்தது. ஸ்டாண்டில் இன்னும் முப்பது குழாய் காத்திருந்தது. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் கொழுப்பான ட்ரைகிளிசரைடையும் கூடப் போட்டுப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும், ஆனால் அதற்கான மருந்து முந்தின நாளே தீர்ந்துவிட்டது. மொத்தக் கொலஸ்ட்ராலும் நல்ல கொழுப்பும் மட்டும் போட்டேன். நல்ல கொழுப்பு எண்பத்தெட்டு என்று வந்தது.

எண்பத்தெட்டு! நம் பக்கத்து ஆண்களுக்கு நாற்பதைத் தொட்டாலே நான் சந்தோஷப்படுவேன். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு நானே போனேன். "அண்ணா, உங்களுக்கு நல்ல கொழுப்பு எம்மாம் இருக்குது தெரியுமா? மொத்தம் கொஞ்சம் கூடத்தான், அதுல இவ்ளோ நல்லதா இருந்தா எதுக்குப் பயம்?" என்றேன். ரத்தக்குழாயில் சேரும் குப்பையை அள்ளிக்கொண்டு போகிற வண்டி நிறைய ஓடுகிறது உங்கள் உடம்பில் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். வயல்வேலை செய்கிற உடம்பு என்றால் சும்மாவா என்றேன். ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரிப்போர்ட்டை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, "அப்ப ஏறலாம்" என்றார்.

"ஜம்முனு ஏறுங்க" என்றேன் நான். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது.

கிருத்திகை அன்று லேபுக்கு விடுமுறை விட முடியாது, வேலையும் பெரிதாக இருக்காது. அன்றைக்கு நாங்கள் செருப்புக்கடை. தெரிந்தவர்களெல்லாம் செருப்பையும் பையையும் எங்களிடம் போட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். சாலை முழுக்க மஞ்சள், பம்பைச் சத்தம், அரோகரா. காலை பத்து மணி சுமாருக்கு ஒரு அம்மாள் ஒரு துணிப்பையோடும் இரண்டு ஜோடிச் செருப்போடும் உள்ளே வந்தார்.

"அக்கா, முனிரத்தினம் வூட்டுக்காரிக்கா. மல்லிகா. இத்த வெச்சிட்டுப் போறேன். அவரு குளத்துல முழுகிகினு இருக்காரு."

"வெச்சிட்டுப் போங்க."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு சின்னச் செம்பை என் பக்கம் நீட்டினார். "பாலுக்கா, ஒரு வாய் குடிங்க. உங்க வாயாலதான் அவருக்கு நல்ல சேதி வந்துது."

"நோன்பும்மா. சாயங்காலம் வரைக்கும் ஒன்னும் கூடாது."

"அய்ய, தண்ணி கூடவா?"

"தண்ணி கூடத்தான்."

"எப்படித்தான் இருக்கீங்களோ! எங்களுக்குப் பாலு பழம் உண்டுக்கா. இவரால சுத்தமா பட்டினி கெடக்க முடியாது. அன்னிக்கி உங்களாண்ட ரத்தம் குடுக்க வரும்போதுகூட ஒரு சொம்பு எருமப்பாலு, நாலு வாழப்பழம். அதுக்கு மேல நெய் ஊத்தி ரெண்டு உருண்ட மாவெளக்கு. முழுங்கிட்டுத்தான் பஸ் ஏறுனாரு."

அந்த அரிசி கழுவிய தண்ணீர் கண் முன்னால் வந்து நின்றது. சிரித்தபடியே, "எதுக்கு அவர டெஸ்ட் எடுக்கச் சொன்னீங்க?" என்று கேட்டேன். நாலு நாள் முன்னால் அவரிடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"போன மாசம் மோட்டார் ரூமாண்ட உக்காந்துட்டாருக்கா, வேர்த்து ஊத்திகினு. கேட்டா வெயிலுன்றாரு. ஒரு மாதிரி பயமா இருந்துது. அதான். ஆனா நீங்கதான் அவ்ளோ நல்லா இருக்குதுன்ட்டீங்களே" என்று சொல்லிவிட்டு மல்லிகா படியிறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அப்போதே பின்னால் ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. தப்பு செய்தவளுக்கு முதலில் வருவது ஆதாரம் தேடுகிற புத்தி. ஒருவேளை எண் சரியாகவே இருந்துவிட்டால், கூட்டத்தில் போய் மானத்தை இழக்க வேண்டாமே என்று மனசு சொன்னது. ஃபிரிட்ஜைத் திறந்தேன். மிச்ச சீரத்தை ஒரு வாரம் வைத்திருப்பது எங்கள் வழக்கம். முனிரத்தினத்தின் குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். காய்ச்சி ஆறிய பாலில் ஆடை படிவதைப் போல மேலே வெள்ளையாகக் கட்டியிருந்தது. அதைப் பார்த்தபிறகு வேறு எந்த ஆதாரமும் தேவையில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆடையை ஒதுக்கி, கீழே இருந்ததை உப்புநீரில் கலந்து நீர்க்கவைத்து, மறுபடி மருந்து ஊற்றி, மறுபடி சுழற்றினேன். அரை மணி நேரத்துக்கு மேல் போயிற்று. இந்த முறை மேலே நின்றது கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. முப்பத்தொன்று.

அந்த அரை மணி நேரத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பரிசோதனையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தேன், மனிதர் மலையேறிக்கொண்டிருந்தார்.

ரிஜிஸ்டரில் இருந்த கைபேசி எண்ணுக்குப் போன் போட்டேன். கவுண்டருக்குக் கீழே, மல்லிகா வைத்துவிட்டுப் போன துணிப்பைக்குள்ளிருந்து பக்திப் பாட்டு ஒலித்தது. பையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பர்தாவை மாட்டிக்கொண்டு, பக்கத்து டீக்கடைக்காரரிடம், "கடயப் பாத்துக்கோங்க" என்று கத்திவிட்டு வெளியே ஓடினேன்.

திருத்தணி மலைக்கு முன்னூற்று அறுபத்தைந்து படி. இருபது வருடம் அதன் அடியில் வேலை பார்த்தும் ஒரு தடவைகூட நான் அதில் கால் வைத்ததில்லை. ஆடிக் கிருத்திகை அன்று, அத்தனை மஞ்சளுக்கும் நடுவில் கறுப்பாக நான் ஒருத்தி. முதல் படியில் நிற்கும்போது என்ன நினைப்பார்களோ என்று ஒரு கணம் தயங்கியது உண்மை. பத்துப் படி ஏறுவதற்குள் காவடி எடுத்து வந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"பாயம்மா, நீங்க எங்க இந்தக் கூட்டத்துல?"

"ஒருத்தரத் தேடறேன் நைனா. நெஞ்சு சரியில்லாதவரு. காவடி எடுத்துகினு ஏறிட்டாரு. கே.ஜி.கண்டிகை முனிரத்தினம்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. மேலே பார்த்து, "டேய், அம்மாவுக்கு வழி வுடுங்கடா! கண்டிகை முனிரத்தினம் எங்க ஏறினுகிறாரு பாருங்க!" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரல் படிக்குப் படி வாய் மாறி மேலே போனது. தெலுங்கிலும் ஒரு தடவை போனது. காவடிகள் இடமும் வலமும் சாய்ந்து நடுவில் எனக்கு ஒற்றையடிப் பாதை கிடைத்தது. யாரோ ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். யாரோ தண்ணீர் நீட்டினார்கள், தலையை ஆட்டிவிட்டு ஏறினேன். அந்த ஊரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது என்று நான் அடிக்கடி சொல்வதற்கு அந்தப் படிகள்தான் காரணம்.

பாதிக்கு மேலே ஒரு மண்டபத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். காவடி மடியில் குறுக்காகக் கிடந்தது, ஒரு கை அதைப் பிடித்திருந்தது. இன்னொரு கை நெஞ்சில் இருந்தது. மஞ்சள் துணி வேர்வையில் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. மல்லிகா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"வெயிலுதான்க்கா, ஒன்னுமில்லன்றாரு" என்றார் மல்லிகா, என்னைப் பார்த்த ஆச்சரியம் போகாமல்.

"எங்க வலிக்குது அண்ணா?"

"வலி இல்லம்மா. கல்லு வெச்சாப்ல இருக்குது. தாடை வரைக்கும் இழுக்குது. செத்த உக்காந்தா போயிடும்."

"எறங்கலாம். அடிவாரத்துல டாக்டருங்க கேம்ப் போட்டிருக்காங்க."

"பாதியில எறக்கறதா? நேந்துகினது. நீங்கதான ஜம்முனு ஏறுன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேன்." எனக்கு மூச்சு வாங்கியது. "நான் குடுத்த ரிப்போர்ட்டு தப்பு அண்ணா. நீங்க பாலு குடிச்சிட்டு வந்தீங்க, நான் கேக்கல. ரத்தம் கலங்கலா இருந்துது, பாத்தும் வுட்டுட்டேன். உங்களுக்கு எண்பத்தெட்டு இல்ல, முப்பத்தொன்னு. தப்பு என்னுது. உங்க சாமி யாரையாவது கேட்டா என்னக் கேக்கட்டும். நீங்க எறங்குங்க."

சுற்றிலும் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் என் தவறை நான் அதற்கு முன் ஒப்புக்கொண்டதில்லை. முனிரத்தினம் காவடியை விடவில்லை. அவர் விரல்கள் இன்னும் இறுகின. "வூட்டுக்கு வேண்டிகினது..." என்று இழுத்தார்.

மல்லிகா விசிறுவதை நிறுத்தினார். "குடு இங்க" என்றார்.

"ஏய்..."

"வூட்டுக்கு வேண்டிகினதுதான? அந்த வூட்டுல நான் இல்லையா? நானும்தான் விரதம். குடு."

அவர் கையிலிருந்து காவடியை விடுவித்துத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. "அக்கா, இவர உங்களாண்ட வுட்டுட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படி ஏறினார். கூட்டத்தில் ஒருவர் அரோகரா சொல்ல, மண்டபமே சொன்னது. முனிரத்தினம் குழந்தை மாதிரி அழுதார். அதற்குப் பிறகு இறங்கமாட்டேன் என்று சொல்லவில்லை.

நடக்க விடவில்லை நான். மண்டபத்துக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி, நாலு பேர் அதில் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முகாமில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். பெயர் கேட்கத் தோன்றவில்லை, அதன்பிறகு அவரை நான் பார்க்கவும் இல்லை. ஈசிஜி தாள் வெளியே வரும்போதே அவர் முகம் மாறியது. மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார், ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அது வரும் இடைவெளியில் நான் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். எண்பத்தெட்டு, முப்பத்தொன்று, கலங்கல், நீர்க்கவைத்தது, எல்லாம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நிஜமாவே எண்பத்தெட்டா இருந்திருந்தா ஏறட்டும்னு விட்டிருப்பீங்களா?" என்று கேட்டார்.

நான் அவர் கையிலிருந்த ஈசிஜி தாளைப் பார்த்தேன்.

"நடந்தா நெஞ்சை அடைக்குது, உக்காந்தா விடுது. இதுக்கு மேல எந்த நம்பரும் வேணாம்மா. நல்ல கொழுப்பு நூறு இருந்தாலும் நான் இவரைக் கீழதான் இறக்குவேன்."

பிள்ளைகளே, இதை நான் ஒவ்வொரு வார்த்தையாக மென்று விழுங்க எனக்குப் பல மாதம் ஆயிற்று. அதுவரை என் தவறு அந்தக் கலங்கிய குழாய் என்றே நினைத்திருந்தேன். குழாய் தெளிவாக இருந்து, எண் சரியாகவே வந்திருந்தாலும், "ஜம்முனு ஏறுங்க" என்று நான் சொன்னது தவறுதான். நல்ல கொழுப்பு குறைந்திருந்தால் அது எச்சரிக்கை. கூடியிருந்தால் நல்லதுக்கான ஒரு அறிகுறி, அவ்வளவே. புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, அப்பன் பாட்டனுக்கு வந்தது, எல்லாவற்றையும் அது தனியாளாகச் சமாளித்துவிடாது. அந்த எண்ணை மருந்தால் ஏற்றிவிட்டால் மாரடைப்பு குறைந்துவிடும் என்று நம்பிய பெரிய பெரிய ஆட்களே ஏமாந்துபோனார்கள் என்று பின்னால் படித்தேன். ரொம்பவும் கூடினாலும் நல்லதென்று சொல்லிவிட முடியாது என்கிறார்கள் இப்போது. நல்ல கொழுப்பு என்று அதற்குப் பெயர் வைத்தவர் என் கையில் கிடைத்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். அந்தப் பெயரில் மயங்கியது நோயாளி மட்டுமில்லை, நானும்தான்.

முனிரத்தினத்தைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். லேப் முதலாளியிடம் நடந்ததை அன்றே சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "மொத்த ஊரு முன்னாடியா சொன்ன?" என்று மட்டும் கேட்டார். ஆனால் அதற்கடுத்த கிருத்திகைக்கு வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். "தப்பு பண்ணா படியேறி வந்து சொல்ற லேபு" என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். அது எனக்குப் பெருமையா அவமானமா என்று இன்றுவரை விளங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து முனிரத்தினம் மறுபடி வந்தார். இளைத்திருந்தார், சட்டை தொளதொளவென்று தொங்கியது. என்னென்ன கேட்கவேண்டுமோ அத்தனையும் கேட்டுவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுத்தேன். அவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ரத்தம் எடுத்து முடித்ததும், மூன்று மாதமாக என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நெஞ்ச அடைக்குதுன்னு அன்னிக்கே என்னாண்ட ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமில்ல?"

அவர் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லத்தாம்மா வந்தேன்" என்றார். "வூட்ல சொன்னா அழுவா. டாக்டராண்ட போவ பயம். உங்களாண்ட சொல்லிடலாம்னுதான் கடைசி வரைக்கும் உக்காந்துகினு இருந்தேன். நீங்க ரிப்போர்ட்ட எடுத்துகினு சிரிச்சிகினே வந்தீங்க. அம்மாம் சந்தோசமா ஒருத்தங்க நல்ல சேதி சொல்லச்சொல்ல, இல்லம்மா எனக்கு வலிக்குதுன்னு எப்படிம்மா சொல்றது?"

நான் குனிந்து குழாயில் ஒட்டும் சீட்டில் அவர் பெயரை எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டது. கிழித்துவிட்டு வேறு சீட்டு எடுத்து மறுபடி எழுதினேன்.